பெரிய ஆற்றை அழைத்தவன்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பிரம்மதேசம் வரைக்கும் தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர்தான். மதகைத் திறந்தால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். அதற்குச் சத்தம்கூடப் பெரிதாக இருக்காது. அங்கிருந்து கிழக்கே போகப் போகத் தண்ணீரின் குணம் மாறுகிறது. கழுவெளி, உப்பங்கழி, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கடல். மரக்காணத்து உப்பளங்களில் பாத்திக்குள் உவர்நீரை அளந்துதான் விடுகிறார்கள். மெல்லிய படலமாக நின்று வெயிலில் சுண்டினால் அது உப்பு. வரப்பு உடைந்து மொத்தமாகப் புகுந்தால் அன்றைய உப்பும் இல்லை, அதுவரை பட்ட பாடும் இல்லை.

ஏசாயா எட்டாம் அதிகாரத்தைப் பல முறை படித்திருக்கிறேன். இந்த இரண்டு தண்ணீரையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

கி.மு. 734-ஐ ஒட்டிய காலம். யூதா நாட்டின் எருசலேமில் ஆகாஸ் அரசன். வடக்கே இஸ்ரவேலின் பெக்காவும் தமஸ்குவின் ரேத்சீனும் சேர்ந்து அவன்மேல் படையெடுத்து வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களின் சண்டைதான் அது. ஆனால் ஆகாஸ் நடுங்கிப்போகிறான். ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியப் பேரரசன் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, வந்து காப்பாற்றும்படி கேட்கிறான்.

அப்போதுதான் ஏசாயா தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். எருசலேமில் கீகோன் என்றொரு ஊற்று உண்டு. அதன் நீர் மலைச்சரிவில் சிறு வாய்க்காலாக மெதுவாக நடந்து வந்து குளத்தில் சேரும். அதுதான் சீலோவா. ஊரையே வாழவைக்கிற, ஆனால் யாரையும் பயமுறுத்தாத நீர். இந்த மெல்லிய நீரை வேண்டாமென்று தள்ளிவிட்டீர்கள். ஆகவே ஐப்பிராத்து நதியே உங்கள் மேல் வரும் என்கிறார் தீர்க்கதரிசி. நதி என்று அவர் சொல்வது அசீரிய அரசனையும் அவன் படையையும். அது தன் கால்வாய்களை மீறும், கரைகளின்மேல் புரளும், யூதாவுக்குள் நுழையும், கழுத்து வரைக்கும் ஏறும்.

இந்த இடத்தில் ஏசாயா வெள்ளத்தைத் திட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மடையைத் திறந்தவனைத்தான் கேட்கிறார். சின்னப் பகைவனுக்குப் பயந்து பெரிய ஆற்றைக் கூப்பிட்டாயே, அது உன் எதிரியின் வயலில் மட்டும் பாய்ந்துவிட்டு உன் வரப்பு ஓரமாக நின்றுவிடுமா? உப்பளத்து ஆளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் விளக்கமே தேவையில்லை.

நடந்ததும் அதுவே. கி.மு. 732-இல் தமஸ்கு விழுந்தது. 722-ஐ ஒட்டி இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது. ஆகாஸ் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் தண்ணீர் வடியவில்லை. 701-இல், ஆகாசின் மகன் எசேக்கியாவின் காலத்தில், அசீரிய அரசன் சனகெரிப் யூதாவுக்குள் புகுந்தான். அரண் சூழ்ந்த நாற்பத்தாறு நகரங்களைப் பிடித்ததாக அவனே தன் பதிவில் எழுதிவைத்திருக்கிறான். லாகீசு நகரம் வீழ்ந்த காட்சியை அவன் அரண்மனைச் சுவரில் செதுக்கிய சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எருசலேம் மட்டும் தப்பியது. நாடு முழுவதும் முழுகி, தலைநகர் மட்டும் மேலே நிற்கிறது. கழுத்தளவு என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள்.

வெள்ளம் என்ற இந்த உவமை ஏசாயா புதிதாகச் செய்ததும் அல்ல. ஊழி வெள்ளம்போல் நாடுகளை அழித்தேன் என்று பெருமை பேசுவது அசீரிய அரசர்களின் வழக்கம். சனகெரிப் அதை நிஜமாகவே செய்து காட்டினான்: 689-இல் பாபிலோனை அழித்தபோது அந்த நகரத்தின் குறுக்கே கால்வாய் வெட்டி, நீரால் அதை மூழ்கடித்ததாகப் பதிவு செய்திருக்கிறான். எதிரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமையை எடுத்து, அதற்கு ஓர் எல்லைக்கோடு போடுகிறார் ஏசாயா. நீ வெள்ளம்தான், ஆனால் உன்னை விடுகிறவர் வேறொருவர். கழுத்துக்கு மேல் நீ ஏறமுடியாது. ஒடுக்கப்பட்ட ஒரு சின்ன நாட்டின் ஆள் இப்படிப் பேசியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பின்னால் வந்தவர்கள் இந்த நீரையே மொண்டு பயன்படுத்தினார்கள். தானியேல் பதினோராம் அதிகாரத்தில் வடதிசை அரசனின் சேனைகள் புரண்டு கடந்து போகும்போது, ஏசாயா எட்டில் உள்ள அதே எபிரேய வினைச்சொற்கள் திரும்ப வருகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் பதினேழில் தண்ணீர் என்பது மக்கள் கூட்டங்களும் பாஷைக்காரரும் என்று பொருளே சொல்லப்பட்டுவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை. நம் மொழியில் வெள்ளம் என்பது ஓர் எண்ணுப்பெயர். கம்பனின் குரங்குப்படை எழுபது வெள்ளம். தொல்காப்பியம் போர்க்களத் திணையான தும்பையைக் கடற்கரைத் திணையான நெய்தலுக்குப் புறமாக வைக்கிறது. வஞ்சித் திணையில் ஒரு துறையே உண்டு: விசையோடு வரும் புனலைக் கல்லணை தடுப்பதுபோல, மேல்வரும் படையை ஒருவன் தனியாக நின்று தாங்கும் பெருமை. நம் மரபு அந்தக் கல்லணையான வீரனைப் பாடுகிறது. ஏசாயாவில் அப்படி ஒரு வீரன் இல்லை. அணை போடும் வேலை கடவுளுடையது.

ஓர் இடத்தில் அந்தக் கடவுளே வெள்ளமாகவும் ஆகிறார். ஏசாயா 59:19-ஐத் தமிழ்ச் சபைகளில் ஜெபத்தில் கேட்காதவர்கள் குறைவு. 1871-இல் ஹென்றி பவர் குழு முடித்த மொழிபெயர்ப்பில் வெள்ளம்போல் வருகிறவன் சத்துரு. அவனுக்கு எதிராகக் கொடி ஏற்றப்படுகிறது. ஆனால் மூலத்தில் இருக்கும் ‘ட்சர்’ என்ற எபிரேயச் சொல்லுக்குப் பகைவன் என்றும் பொருள், நெருக்கமானது என்றும் பொருள். இரண்டாவதை எடுத்தால், குறுகிய இடத்தில் அடைபட்டுச் சீறிவரும் ஆறுபோல் வருகிறவர் ஆண்டவரே. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவும் இப்படித்தான் கொள்கின்றன. எனக்கும் இதுவே சரியெனப் படுகிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியத்தின் வேலையில் ஒரு பங்கு பிரம்மதேசத்துக்கு மேற்கே, திண்டிவனத்து விவிலிய நடுநிலையத்தில் நடந்தது. ஒரு சொல் பகைவனா, குறுகலா என்று பார்க்கிற வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கம் அருகில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆகாசின் கதை இந்தக் கரையிலும் நடந்தது. கர்நாடக நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினார்கள். முதலாமவர் அணி பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டது. இரண்டாமவர் ஆங்கிலேயரைக் கூப்பிட்டார். செய்த உதவிக்காக 1750-இல் சந்தா சாகிபின் கூட்டாளியான முசாபர் ஜங் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டில் ஆலம்பரையை ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 1761 புத்தாண்டு நாளில் பெரும்புயல் ஒன்று புதுச்சேரிக் கடலில் அவர்களின் போர்க்கப்பல்களை உடைத்து மூழ்கடித்தது. நிஜக் கடல் அவர்களை அடித்தும் முற்றுகை தளரவில்லை. அந்த மாதத்தின் நடுவிலேயே புதுச்சேரி பணிந்தது. வென்ற பக்கம் நின்ற முகமது அலி கடனில் மூழ்கினார். 1801-இல் அவருடைய வழியினரிடமிருந்து கர்நாடகம் முழுவதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது.

அந்தப் போரில் ஓடியவர்களில் ஒருவர் யோகான் பிலிப் பப்ரீசியுஸ். 1758 முடிவில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டு வேப்பேரியைச் சூறையாடியபோது, பழவேற்காட்டுக்குத் தப்பிப் போன மிஷனரி. புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் எடுத்துவந்த பிரெஞ்சு அச்சுப்பொறி பிறகு அவருடைய வேப்பேரி மிஷனுக்கு வந்து சேர்ந்தது. 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஏசாயாவையும் எரேமியாவையும் அவர் புதிதாகத் தமிழாக்கினார்; பவர் குழு திருத்தி எழுதியதும் அந்தத் தமிழின் மேல்தான்.

எரேமியாவில் வெள்ளம் ஐப்பிராத்து அல்ல, நைல். அது பொங்கியெழுந்து கர்கேமிசில் வற்றிப்போன கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.