பறவைக் கணக்கும் பிரஜா தர்மமும்

வயற்காட்டுப் பறவைகள் அருகி வருகின்றன என்று தஞ்சை ஜில்லாவில் பலரும் சொல்லக் கேட்கிறோம். எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை குறைந்தன என்று வினவினால் விடை சொல்வார் சிலரே. கணக்கில்லாத முறையீடு சர்க்கார் காரியாலயங்களில் செல்லுபடியாவதில்லை. ஆகவே, ஜீவராசிகளைக் காக்க விரும்புவோர் முதலில் அவற்றை எண்ணப் பழக வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய காரியமன்று. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சுமார் 30,000 பறவை நோக்கர்கள் அளித்த 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 178 இனங்களை முதன்மையாகக் காக்க வேண்டுமென்று அது கூறுகிறது. கம்பிகளின்மீது அமர்ந்திருக்க நாம் சாதாரணமாய்க் கண்டுவந்த பனங்காடையும் குறைந்து வருகிறதென்பது அக்குறிப்புகளாலேயே வெளிப்பட்டது. பழகிய கண்ணுக்கு மெல்லத் தேய்வது புலப்படுவதில்லை. ஏட்டில் ஏறிய எண்ணே அதைக் காட்டுகிறது.

எண்ணியபின் காப்பவர் யார்? அதற்கும் உள்ளூராரே முன்வர வேண்டும். திருவிடைமருதூரைப் போலவே மருதமரத்தைத் தலவிருட்சமாக உடையது தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர். அவ்வூர் ஜனங்கள் தம் மரங்களில் கூடு கட்டும் பறவைகளைத் தமது பொறுப்பாகக் கொண்டனர். 2005-இல் அங்கே 2.84 ஹெக்டேர் நிலம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சர்க்கார் உத்தரவு பின்னே வந்தது. ஊராரின் உறுதி முன்னே நின்றது. புடைமருதூர் செய்ததை இடைமருதூர் செய்யலாகாதா?

காவிரிப் பிரதேசத்தில் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் குறைவில்லை. 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கு நடைபெறுகிறது. முறை எளியது. ஓரிடத்தில் 15 நிமிஷமாவது இருந்து, கண்ட பறவைகள் அனைத்தையும் எண்ணி, இடமும் நேரமும் குறித்து, ‘ஈபேர்ட்’ என்னும் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடலாகாது. சந்தேகமானதைத் துணிந்து எழுதலாகாது. கூடுகளை நெருங்கிக் கலைக்கலாகாது. ஆண்டுதோறும் அதே இடத்தில் எண்ணினால்தான் ஏற்றமும் இறக்கமும் விளங்கும்.

நாளை ஒரு குளத்தைத் தூர்க்க யாரேனும் முற்பட்டால், வெறுங்கையுடன் போய்க் கூக்குரலிடும் ஊரை அதிகாரிகள் எளிதில் புறக்கணிப்பர். பத்தாண்டுக் கணக்கை மேஜைமேல் வைக்கும் ஊரை அவ்விதம் திருப்பி அனுப்புவது சுலபமன்று. சுயராஜ்யம் வோட்டுப் போடுவதோடு முடிந்துவிடுவதில்லை. வாயில்லா ஜீவன்களின் பொருட்டுச் சாட்சி சொல்வதும் பிரஜைகளின் கடமையே. வரும் பொங்கலன்று இடைமருதூர் வாலிபர்கள் ஏடும் எழுதுகோலுமாய்க் குளக்கரைகளில் நிற்பார்களென நம்புகிறோம்.