குள்ளமாகப் பிறந்த ஜெட்... தெரியுமா?

1967 ஏப்ரல் 9 அன்று முதன்முதலாகப் பறந்தது போயிங் 737. குறுந்தூரப் பயணத்துக்கென்று பிறந்த இந்த ஜெட் குடும்பத்தின் 10,000-வது விமானம் 2018-ல் வெளிவந்தது! அதன் கதை முழுவதையும் ஆட்டிப்படைத்தது அதன் குள்ள உருவம்தான்!

ஏன் குள்ளம், தெரியுமா?
1960-களில் சிற்றூர் விமான நிலையங்களில் சாமான் ஏற்றும் இயந்திரமெல்லாம் கிடையாது. அதனால் விமானத்தின் வயிற்றையே தரைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள்! ஊழியர்கள் தரையில் நின்றபடியே பெட்டிகளை உள்ளே தள்ளலாம்.

முதல் ஆர்டர் யாருடையது, தெரியுமா?
ஜெர்மனியின் லுஃப்தான்சா, 1965-ல்! வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆர்டரை நம்பி போயிங் புது விமானத்தைத் தொடங்கியது அதுவே முதல்முறை.

என்ஜின் ஏன் வாலில் இல்லை?
போட்டி விமானமான டிசி-9 என்ஜினை வாலில்தான் வைத்திருந்தது. போயிங் பொறியாளர் ஜோ சட்டர் அதை இறக்கைக்கடியில் கொண்டுவந்தார். பின்பகுதியிலும் இருக்கை போட இடம் கிடைத்தது. டிசி-9-ல் வரிசைக்கு ஐந்து பேர், இதில் ஆறு பேர்!

ஜல்லியிலும் இறங்கும்!
அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சில ஓடுபாதைகள் வெறும் ஜல்லிதான். அங்கே போகும் 737-200-க்கு முன்சக்கரத்தில் ஒரு தடுப்புத் தகடு. கல் உள்ளே போகாமலிருக்க என்ஜின் முன்னே காற்றைப் பீய்ச்சும் குழாய்!

என்ஜின் வாய் ஏன் சப்பை?
1984-ல் பறந்த 737-300-க்குப் பெரிய என்ஜின் வந்தது, கீழே இடமில்லை. அடியில் இருந்த துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, உறையின் அடிப்புறத்தைத் தட்டையாக்கினார்கள்!

பெரும் விலை!
737-ன் பிந்தைய மேக்ஸ் ரகத்தில் என்ஜின் இன்னும் பெருத்தது. அதை முன்னே தள்ளி உயர்த்தியதால், சில நிலைகளில் விமானத்தின் மூக்கு மேலெழும் போக்கு கூடியது. அதைச் சமாளிக்கச் சேர்த்த மென்பொருள் ஒரே ஒரு உணர்கருவியை நம்பியது. அதன் தவறான அளவீட்டால் 2018, 2019-ல் நேர்ந்த இரு விபத்துகளில் 346 உயிர்கள் போயின. உலகெங்கும் மேக்ஸ் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மென்பொருளை மாற்றிய பிறகே மறுபடி பறந்தன.

நீளும் கால்!
முதல் 737-ன் நீளம் சுமார் 28.6 மீட்டர், 2021-ல் பறந்த மேக்ஸ் 10-க்கு 43.8 மீட்டர்! எழும்பும்போது வால் தரையில் உரசுமே? அதற்காக அதன் சக்கரக்கால் சுமார் 24 செ.மீ. நீளும், மேலே போனதும் சுருங்கி, பழைய அளவுக் குழிக்குள்ளேயே அடங்கிவிடும்!