நன்னூல் வழியே ஆங்கிலம்



ஆங்கில இலக்கணம் என்றாலே நம்மில் பலருக்கு வேப்பங்காயாய்க் கசக்கிறது. கிராமத்துப் பள்ளியில் நன்கு படித்த பிள்ளையும், கோயமுத்தூருக்கு வந்து கல்லூரியில் சேர்ந்ததும், ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத அஞ்சிப் பின்வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. கையிலுள்ள திறவுகோலை அறியாமையே காரணம். அத்திறவுகோல் தமிழ் இலக்கணம்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டார் போற்றுவர். அந்நூலில் வரும் வேற்றுமையை நினைவுகூருங்கள். ‘வேலன் புலியைக் கொன்றான்’ எனினும், ‘புலியை வேலன் கொன்றான்’ எனினும் பொருள் ஒன்றே. ‘ஐ’ என்னும் உருபு, புலியே செயப்படுபொருள் என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. ‘வேலன் கில்ட் த டைகர்’ என்றால் மாண்டது புலி; ‘த டைகர் கில்ட் வேலன்’ என்றால் மாண்டவன் வேலன்! ஆகவே எழுவாய் முன்னும், வினை நடுவும், செயப்படுபொருள் பின்னுமாக நிற்கும் வரிசையே அங்கு உருபின் வேலையைச் செய்கிறது. ‘பள்ளியில்’ என்பதில் ‘இல்’ பின்னே நிற்கும். ஆங்கில ‘இன்’ பெயருக்கு முன்னே நிற்கும்.

வினையைப் பாருங்கள். ‘படித்தேன்’ என்றாலே செய்தவன் ‘நான்’ என்பது விகுதியால் விளங்கும். ஆங்கிலத்தில் அவ்வாறு எழுவாயை விடலாகாது. நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டும் பெரும்பாலான வினைகளின் ஈற்றில் ‘ஸ்’ சேரும்: ‘ஐ ரீட்’, ‘ஹி ரீட்ஸ்’. ஒவ்வோர் இடத்துக்கும் விகுதி மாற்றிப் பேசிப் பழகிய நமக்கு இந்த ஒன்று பெருஞ்சுமையா?

இனி, நிறுத்தக்குறிகள். ஓலையில் எழுதிய நம் முன்னோர் காற்புள்ளியோ வினாக்குறியோ இடவில்லை. எனினும் பொருள் விளங்கிற்று. ‘வந்தானா’ என்பதில் ‘ஆ’ வினாவைக் காட்டும். ‘பாலும் பழமும்’ என்பதில் ‘உம்’ எண்ணிக்காட்டும். ‘என்று’ என்னும் சொல் பிறர் கூற்றின் எல்லையைக் காட்டும். வினைமுற்று வாக்கியத்தை முடிக்கும். அச்சு வந்து உரைநடை பெருகியபின், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் ஆங்கில முறைக் குறிகளைத் தமிழ் நூல்களில் ஆண்டனர்.

ஆங்கிலத்திலோ குறி தவறினால் பொருளே தலைகீழாகிவிடக்கூடும். ‘த மெர்ச்சன்ட் ஸெட் த பார்மர் இஸ் எ லையர்’ என்று குறியின்றி எழுதினால், உழவன் பொய்யன் என்று வணிகன் சொன்னதாகும். ‘மெர்ச்சன்ட்’ என்பதன் பின்னும் ‘பார்மர்’ என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டால், வணிகனே பொய்யன் என்று உழவன் சொன்னதாகும்! பருத்தி விற்ற விவசாயி ஒருவருக்காக அவர் மகன் எழுதும் முறையீட்டில் இப்பிழை நேர்ந்தால், தந்தையைக் குற்றவாளியாக்கும் சான்று மகன் கையாலேயே எழுதப்பட்டதாகிவிடும்.

எனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியபின் மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுவாய் எது? அதற்குரிய வினை எது? யாருடைய கூற்று எங்கே முடிகிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் பெரும்பாலான பிழைகள் தாமே அகலும். தமிழ் வகுப்பில் எழுவாயும் பயனிலையும் கண்டறியப் பழகிய பிள்ளை, ஆங்கில வகுப்பில் அயலான் அல்லன். அஞ்சாமல் எழுதுங்கள்.