இருதயக் குழாயில் படியும் சுண்ணாம்பு

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வேண்டும். இருதயத்தின் இரத்தக் குழாய்களுக்கோ அது வேண்டாத விருந்தாளி. குழாயின் உட்சுவரில் கொழுப்புத் தேங்கி அழற்சி உண்டாகும் இடங்களில், நாளடைவில் கால்ஷியம் என்னும் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது. பாலையும் மோரையும் நிறுத்துவதால் அது கரைந்துவிடாது. வலி எதுவும் இன்றிப் பல ஆண்டுகள் வளரக்கூடியது.

இதனை அளந்து காட்டுவது கால்ஷியம் ஸ்கேன். கையில் ஊசி கிடையாது. மார்பில் இ.ஸி.ஜி. கம்பிகளை ஒட்டி, சில விநாடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸி.டி. கருவியால் படம் எடுப்பார்கள். உடலில் படும் கதிர்வீச்சு சுமார் 1 மில்லிஸீவர்ட். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுதோறும் கிடைப்பது, உலகச் சராசரியில், சுமார் 2.4.

படத்தில் வெண்மையாகத் தெரியும் படிவுகளின் பரப்பையும் அடர்த்தியையும் கொண்டு ஓர் எண்ணைக் கணக்கிடும் முறையை 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் அகட்ஸ்டன் குழுவினர் வெளியிட்டனர். இன்றும் அந்த எண்ணுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

கொலஸ்டிரால் சற்று அதிகம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே!” என்று நாட்களைத் தள்ளுபவர்கள் பலர். ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்ற ஐயம் உள்ளவர்களுக்கே இந்த ஸ்கேன் பெரிதும் உதவும். 2018-இல் அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியின்படி, எண் 0 ஆனால் பெரும்பாலோர் மாத்திரையைத் தள்ளிப் போட்டு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கலாம். 1 முதல் 99 வரை என்றால், முக்கியமாக 55 வயதைக் கடந்தவர்கள், மாத்திரை தொடங்குவது நல்லது. 100-ம் அதற்கு மேலும் என்றால் தயக்கம் கூடாது.

தெற்காசிய வம்சாவளியே ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று அதே வழிகாட்டி சொல்கிறது. ஸான்பிரான்ஸிஸ்கோ, சிக்காகோ பகுதிகளில் வாழும் தெற்காசியரிடையே 2010-இல் தொடங்கிய ‘மஸாலா’ ஆய்வும் இதையே காட்டியது. அவர்களில் ஆண்களின் கால்ஷியம் படிவு வெள்ளையர் ஆண்களுக்குச் சமமாகவும், சீனர், கறுப்பர் முதலிய ஆண்களைவிட அதிகமாகவும் இருந்தது.

பூஜ்யம் வந்தவர்கள் பூரித்துவிடலாகாது. சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்புப் படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. அது வெடித்தாலும் மாரடைப்பு வரும். சிறு வயதினருக்கு இது மிகவும் பொருந்தும். நீரிழிவு உள்ளவர்களும், புகை பிடிப்பவர்களும், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்புக் கண்டவர்களும் பூஜ்யத்தைக் காட்டி மாத்திரைக்கு விலக்குக் கேட்க முடியாது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எண் சற்று ஏறுவதும் உண்டு. மென்மையான படிவு கெட்டிப்படுவதே அதற்குக் காரணம். அதனால் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

மார்பில் இறுக்கம், இடது கையில் அல்லது தாடையில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மற்ற அன்பர்கள், 40 வயதைக் கடந்தவர்களாயின், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் முதலில் பார்த்துக்கொண்டு, ஸ்கேன் தமக்குத் தேவையா என்று குடும்ப மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது நலம்.