ஐந்து பேருக்கு ஒரே சோதனை

நூறு பேரில் யார் யாருக்குக் கொரோனா தொற்று இருக்கிறது என்று அறிய எத்தனை சோதனைகள் தேவை? “நூறு” என்று உடனே சொல்லிவிடுவீர்கள். முப்பதே போதும் என்றால் நம்புவீர்களா?

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்சோதனையைச் செய்ய இந்தியாவில் ஒரே ஓர் ஆய்வுக்கூடம்தான் இருந்தது. அது புனே நகரிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம். பின்னர் நாடெங்கும் பல ஆய்வுக்கூடங்கள் இப்பணியில் இறங்கின. ஆயினும் சோதனைக்கு வேண்டிய வேதிப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு. வந்து குவிந்த மாதிரிகளோ ஏராளம். முடிவு தெரியத் தாமதமானால், நோயுள்ளவர் தம்மை அறியாமலேயே பிறருக்கு அதைப் பரப்பிவிடுவார் அல்லவா? அப்போது கைகொடுத்தது ஒரு பழைய கணக்கு.

போர்க்காலத்தில் பிறந்த வழி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர வந்தவர்களுக்கு மேகநோய் உண்டா என்று இரத்தச் சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிப்பானேன் என்று கேட்டார் இராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியல் அறிஞர். பலருடைய இரத்தத்தைக் கலந்து சோதிக்கலாம் என்று 1943இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

இம்முறையைக் கொரோனாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். நூறு பேரின் மாதிரிகளை ஐந்தைந்தாகச் சேர்த்தால் 20 குழுக்கள். எனவே 20 சோதனைகள். ஒரு குழுவில் வைரஸ் இல்லையென்றால் அந்த ஐவருக்குமே தொற்று இல்லை. இருந்தால் அந்த ஐவரை மட்டும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நூறு பேரில் இருவருக்குத் தொற்று என்று கொள்வோம். அவ்விருவரும் வெவ்வேறு குழுக்களில் இருந்தாலும் 20 + 10 = 30 சோதனைகளே ஆகும்!

எப்போது பயன்படாது?

முப்பது பேருக்குத் தொற்று இருந்தால்? 20 குழுக்களில் ஏறக்குறைய 17 குழுக்களில் ஒருவராவது சிக்குவார். 20 + 85 = 105. தனித்தனியே சோதித்திருந்தால் 100தான்! ஆகவே, நோய் அரிதாக உள்ள இடத்தில்தான் இம்முறை இலாபம். 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தொற்று 2 விழுக்காட்டிற்கும் குறைவான பகுதிகளில் ஐந்து மாதிரிகள்வரை சேர்க்கலாம் என்றது. 5 விழுக்காட்டைத் தாண்டினால் சேர்க்க வேண்டாம் என்றது.

ஏன் ஐந்தோடு நிறுத்தினார்கள்? ஐம்பதைக் கலந்தால் என்ன? மோரில் நீர் ஊற்ற ஊற்றப் புளிப்புக் குறைவதுபோல, கலக்கக் கலக்க வைரசின் செறிவு குறைகிறது. ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் வைரசின் மரபுப்பொருளை நகலெடுத்துப் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரு மடங்காகும்: 2, 4, 8 என்று. செறிவு ஐந்தில் ஒரு பங்கானால், இழந்ததை ஈடுசெய்ய இரண்டு மூன்று சுற்றுகள் கூடுதலாக வேண்டும். தனியே 20ஆம் சுற்றில் தெரிவது 22 அல்லது 23இல் தெரியும், கவலையில்லை. ஆனால் சோதனை ஏறக்குறைய 40 சுற்றுகளில் முடிந்துவிடும். 38ஆம் சுற்றில் தெரியவேண்டிய மாதிரி கண்ணுக்குத் தப்பிவிடலாம். தொற்றுள்ள ஒருவர், “எனக்கு ஒன்றுமில்லை” என்று நம்பி வீடு திரும்புவார். சிக்கனத்திற்கு நாம் கொடுக்கும் விலை இது. அதனால்தான் ஆய்வுக்கூடங்கள் கணக்கையும் பார்த்தன, எச்சரிக்கையாகவும் இருந்தன.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அதே நூறு பேரைப் பத்துப்பத்தாகச் சேருங்கள். இருவருக்குத் தொற்று, இருவரும் வெவ்வேறு குழுக்களில். எத்தனை சோதனைகள் ஆகும்? ஐந்தைந்தாகச் சேர்த்ததைவிட இது மேலா? விடை கண்டபின், செறிவையும் மறவாமல் முடிவு சொல்லுங்கள்.