நாலு புரி முறுக்கு

துருப்பிடித்த ஆணி காலில் ஏறினால் உடனே டி.டி. ஊசி போட ஓடுகிறோம். டெட்டனஸ் கிருமியின் நஞ்சு அப்படி என்னதான் செய்கிறது? 116 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதச் சங்கிலியை 76-க்கும் 77-க்கும் நடுவே வெட்டிவிடுகிறது. அவ்வளவுதான். தசைகளை அடக்கிவைக்கும் நரம்புகள் ஊமையாகி, தாடை பூட்டிக்கொள்கிறது. முதுகு வில்லாக வளைகிறது.

அந்தச் சங்கிலியின் பெயர் சினாப்டோபிரெவின். ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் சந்திப்பு சினாப்ஸ். அங்கே வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் தயாராக நிற்கும். ஒரு பையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் 2,000 பைகளை வரிசையாக அடுக்கலாம். இத்தனை சிறிய பையின் தோலில் சுமார் 70 சினாப்டோபிரெவின்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன!

எதிரே, செல்லின் சவ்வில் சின்டாக்சின், ஸ்நாப்-25 என இரண்டு புரதங்கள். ஸ்நாப்-25 இரண்டு இழை தர, மற்றவை ஆளுக்கு ஒன்று தருகின்றன. நான்கும் கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொள்ள, அந்த இழுப்பில் பை சவ்வோடு ஒட்டி வாய் திறக்கிறது. முறுக்கு பாதியில் நின்று காத்திருக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும் சினாப்டோடேக்மின் என்ற காவல் புரதம் அனுமதி தரும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சரக்கு வெளியே.

இந்தச் சினாப்டோபிரெவினை 1988-இல் முதலில் பிரித்தறிந்தது மனித மூளையிலிருந்து அல்ல, இரையை மின்னதிர்ச்சியால் வீழ்த்தும் மின்திருக்கை மீனிலிருந்து. அடுத்த ஆண்டே மாட்டின் மூளையிலும் பழ ஈயிலும் அதன் சாயல் தெரிந்தது. ஈயின் நரம்புச் செல்களையே டெட்டனஸ் நஞ்சைத் தயாரிக்க வைத்துப் பார்த்தார்கள். சினாப்டோபிரெவின் வெட்டுப்பட்டது, சேதியும் நின்றது. ஈக்கும் நமக்கும் பொது மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கத்தி இன்னும் பொருந்துகிறது.

எனக்கு இதைவிட வியப்பு, ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட். மூளை இல்லை, நரம்பு இல்லை, ஒரே ஒரு செல். அது மொட்டு விட்டு வளரும்போது புதுச் சவ்வுக்கான சரக்கு பைகளில் வந்து சேர வேண்டும். அந்தப் பைகளைச் சவ்வோடு இணைப்பதும் இந்தப் புரதங்களின் உறவுக்கார மூவர்தான், அதே நாலு புரி முறுக்கால்.