இழுத்தால் இறுகும் பிடி

“அடிபடவும் இல்லை, கிருமியும் இல்லை என்கிறார்கள். அக்காவின் விரல் மூட்டுகள் ஏன் இப்படி வீங்குகின்றன?” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இது முடக்குவாதமாக இருக்கலாம். அந்நோயில் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வியப்பு வேறிடத்தில். ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகிற வெள்ளணு, விரல் மூட்டு வந்ததும் எப்படி இறங்கிக்கொள்கிறது?

மூட்டுச் சவ்வில் சுரக்கும் டிஎன்எஃப் என்ற புரதம் அங்குள்ள நுண்சிரைகளை உசுப்பிவிடுகிறது. சிரையின் உட்சுவரில் செலக்டின் என்னும் ஒட்டு மூலக்கூறுகள் தலைகாட்டுகின்றன. வெள்ளணு அவற்றில் தொட்டுத் தொட்டு உருளும். வேகம் தணிந்ததும் தன் மேலுள்ள இன்டெக்ரின் என்னும் மூலக்கூறால் சுவரின் ஐகேம்-1, விகேம்-1 மூலக்கூறுகளைக் கெட்டியாகப் பற்றி நிற்கும். பிறகு சுவரின் இடுக்கில் நுழைந்து மூட்டுக்குள் போய்விடும்.

இதில் செலக்டினின் பிடி விசித்திரமானது. ஓரளவு வரை, இழுக்க இழுக்க இறுகும். 2003இல் ஒற்றை மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்தே இதை நிரூபித்தார்கள். கிணற்றில் தண்ணீர் சேந்த, குடத்தின் கழுத்தில் அம்மா போடும் சுருக்கு இப்படித்தான்: நிறைகுடத்தின் கனத்தில் இறுகும், தரையில் வைத்தால் தானே தளரும். ரத்த ஓட்டம் மிகவும் மந்தமானால், தம் மேலுள்ள எல்-செலக்டின் என்ற வகையால் பற்றி உருளும் வெள்ளணுக்கள் பிடி விட்டுப் போய்விடுகின்றன. அடித்துச் செல்லும் ஓட்டமே பிடியையும் தருகிறது!

பிடியை அறுத்துவிடலாமே? இன்டெக்ரினை அடைக்கும் எஃபாலிசுமாப் என்ற மருந்து சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்கு வந்தது. அரிய மூளைத்தொற்று ஏற்பட்டதால் 2009இல் விலக்கப்பட்டது. பிறவியிலேயே அந்த வகை இன்டெக்ரின் இல்லாத குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழத் தாமதமாகும், புண்ணில் சீழ் பிடிக்காது, தொற்று ஓயாது. நம்மைக் காப்பதும் இதே பிடிதான். அதனால் பிடியை அறுப்பதைவிட, வெள்ளணுவை வரவழைக்கும் டிஎன்எஃப்பின் அழைப்பை அடக்குவதே மேல். 1992இல் லண்டனில் ஆய்வாளர்கள் ஃபெல்ட்மானும் மைனியும் முடக்குவாத நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைக் கட்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது. பின்வந்த ஆய்வுகளில் மூட்டுச் சவ்வின் ஒட்டு மூலக்கூறுகளும் குறைந்திருந்தன.

இவ்வளவு தெரிந்த காலத்திலும், காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரமாகிறது என்று ஒரு பெண் சொன்னால், “வயசாகுதில்ல” என்று தைலத்தை நீட்டுகிறோம். பெண்களையே அதிகம் பிடிக்கும் நோய் இது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும். நாளடைவில் எலும்பை வலுவிழக்கச் செய்யும். இந்நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எலும்பு அரிபடுமுன் சிகிச்சை தொடங்கினால் விரல் கோணாமல் காக்க வழியுண்டு. அக்காவை இந்த வாரமே மூட்டுநோய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அம்மா.